அழுகைக் கோச்சி

குண்டடம், தாராபுரம், காங்கயம் பக்கம் பொன்னர் சங்கர் கதை தெரியாத பெரியவர்கள் குறைவு. உடுக்கை அடித்து அண்ணன்மார் பாட்டுப் படிக்கையில், தங்கை அருக்காணி அழும் இடம் வந்தால் கேட்கிற கூட்டமும் சேர்ந்து அழும். இதே கதை கடலுக்கு அப்பால், இலங்கையின் மத்திய மலைநாட்டில், நாலாயிரம் அடி உயரத்துத் தேயிலைத் தோட்டங்களிலும் விடிய விடிய ஆடப்பட்டு வந்திருக்கிறது. காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் என்ற மூன்றும்தான் மலையகத் தமிழரின் பெரிய கூத்துகள். கொங்கு நாட்டுக் கதையைத் தங்கள் கதையாகச் சுமந்துபோய், அங்கேயே நாலைந்து தலைமுறை வாழ்ந்தவர்கள் அவர்கள். பிறகு ஒருநாள், அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் கிளம்பிப் போக வேண்டும் என்று இரண்டு அரசாங்கங்கள் முடிவு செய்தன.

அவர்கள் அங்கே போய்ச் சேர்ந்த வழியே கொடியது. 1820-களில் ஆங்கிலேயர் காப்பித் தோட்டம் போட ஆரம்பித்தபோது, திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கங்காணிகள் ஆள் கட்டிக் கூட்டிப் போனார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியாக மாத்தளை வரைக்கும் நடை. காலராவிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். 1867-ல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார். காப்பியை இலைநோய் அழித்த பிறகு மலை முழுக்கத் தேயிலை ஆனது. காப்பிக்குப் பறிக்கிற காலத்தில் மட்டும் ஆள் போதும். தேயிலைக்கு வருடம் முழுக்க ஆள் வேண்டும். அதனால் போனவர்கள் திரும்பவில்லை. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கேயே பிறந்தார்கள்.

வெளிநாட்டில் பல வருடம் இருந்துவிட்டு, அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டு ஊர் திரும்புவது இன்று தமிழ்நாட்டில் எல்லா ஊருக்கும் தெரிந்த செய்திதான். துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ ஒருவர் வேலையை முடித்துக்கொண்டு கிளம்பினால், அறைத் தோழர்கள் பெட்டி கட்டிக் கொடுப்பார்கள், ஒருவேளை விருந்தும் வைப்பார்கள். மலையகத்தில் நடந்தது வேறு. அங்கே ஒரு சமூகமே தனக்குத் தானே பிரியாவிடை சொல்லிக்கொண்டது. ஏறக்குறைய இருபது ஆண்டுக் காலம், தோட்டம் தோட்டமாக, லயம் லயமாக அது நடந்தது.

கணக்கைப் பார்த்துவிடலாம். இலங்கை சுதந்திரம் பெற்ற 1948-லேயே வந்த குடியுரிமைச் சட்டம், ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட தோட்டத் தமிழரை நாடற்றவர்கள் ஆக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போனது. அவர்கள் இலங்கையின் மக்கள், இலங்கைதான் அவர்களுக்குப் பொறுப்பு என்பது நேருவின் நிலைப்பாடு. 1964 மே மாதம் அவர் மறைந்தார். அதே ஆண்டு அக்டோபர் 30 அன்று டெல்லியில் இரு நாட்டுப் பிரதமர்களான லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். நாடற்றவர்கள் மொத்தம் 9,75,000 பேர் என்று எடுத்துக்கொண்டு, அதில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது, மீதி ஒன்றரை லட்சத்தைப் பிறகு பேசுவது என்று பிரித்தார்கள். அந்த மீதியையும் 1974-ல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்கு 75,000 என்று சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டார்கள்.

இந்தப் பங்கீட்டைப் பற்றி மலையக மக்களிடம் யாரும் கேட்கவில்லை. அவர்களின் பெரிய தொழிற்சங்கமான இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் தலைவர் தொண்டமான் இதைக் கடுமையாக எதிர்த்தார். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்பது விண்ணப்பங்கள் வாங்கியபோது தெரிந்துபோயிற்று. 1970 ஏப்ரல் வரை கெடு கொடுத்து விண்ணப்பம் வாங்கினார்கள். இலங்கைக் குடியுரிமை வேண்டும் என்று சுமார் 7 லட்சம் பேர் கேட்டார்கள்; இந்தியக் குடியுரிமை கேட்டவர்கள் சுமார் 4 லட்சம்தான். ஒப்பந்தம் எழுதி வைத்திருந்த எண்ணிக்கையும் மக்களின் மனமும் எதிரெதிராக நின்றன.

பிறகு ஏன் அவ்வளவு பேர் கிளம்பினார்கள்? பசியும் பயமும்தான் காரணம். 1973, 1974-ல் தோட்டங்களில் மாவுக்கும் அரிசிக்கும் பஞ்சம் வந்து ஆட்கள் செத்தார்கள். 1972-ல் தொடங்கிய காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசு வசமாகி, சில இடங்களில் குடும்பங்களே வெளியேற்றப்பட்டன. தோட்ட நிலத்தைத் துண்டாடுவதை எதிர்த்த போராட்டத்தில் 1977 மே மாதம் டெவன் தோட்டத்து இளைஞர் சிவனு லட்சுமணன் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் இனக்கலவரம், 1981-ல் மறுபடியும் கலவரம், 1983-ல் எல்லாவற்றையும் மிஞ்சிய கலவரம். முதலில் தயங்கியவர்களும் கண்டியில் இருந்த இந்திய உதவித் தூதரகத்தின் வாசலில் பாஸ்போர்ட்டுக்காக வரிசையில் நின்றார்கள்.

இந்தப் பிரிவின் கனம் புரிய வேண்டுமானால் லயத்தைப் பார்க்க வேண்டும். தகரக் கூரை போட்ட நீளமான ஒரே கட்டடம். பத்துக்குப் பன்னிரண்டு அடியில் அடுத்தடுத்து அறைகள். அவற்றைக் காம்பரா என்பார்கள். பல லயங்களில் ஒரு வரிசைக்கு முதுகு கொடுத்தபடி இன்னொரு வரிசை இருக்கும். ஒரு காம்பராவில் ஒரு குடும்பம், சில சமயம் இரண்டு. பக்கத்துக் காம்பராவில் குழந்தை இருமினால் இந்தப் பக்கம் தூக்கம் கலையும். தண்ணீருக்கு எல்லோருக்கும் ஒரே பீலி. விடிகாலையில் தப்பு அடித்ததும் எல்லோரும் ஒன்றாகப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் எண்ணும் இடத்துக்கு, போவார்கள். பெண்கள் ஒரே நிரையில் நின்று கொழுந்து எடுப்பார்கள். பிள்ளைகளைக் காவலுக்கு விடும் இடமும் ஒன்றே. தேயிலை ஆலையின் இயந்திரத்துக்குக் காவலாக ரோதை முனி, செடி கவ்வாத்து வெட்டும் காலத்துக்குக் கவ்வாத்துச் சாமி என்று அந்த வேலைக்காகவே பிறந்த தெய்வங்களையும் சேர்ந்தே கும்பிட்டார்கள். இறந்தவர்களைப் புதைத்த இடமும் தேயிலைச் சரிவுதான். சொந்தக்காரர் யார், அயல்காரர் யார் என்று பிரித்துப் பார்க்க அங்கே இடமே கிடையாது.

இப்படி வாழ்ந்த லயத்துக்குள் ஒப்பந்தம் நுழைந்தது. அது குடும்பத்தைத் தவிர வேறு எந்த உறவையும் எண்ணவில்லை. பல சமயம் குடும்பத்தையும் முழுசாக எண்ணவில்லை. அண்ணனுக்கு இந்தியப் பாஸ்போர்ட், தம்பிக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. பெற்றோர் ஒரு பட்டியலில், கல்யாணமாகிப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போன மகள் இன்னொரு பட்டியலில். மேட்டு லயத்தில் பாதிப் பேருக்குப் பயணம், பணிய லயத்தில் இரண்டு வீட்டுக்கு மட்டும் பயணம். யார் போவார், யார் இருப்பார் என்பதைத் தூதரகத்திலிருந்து வரும் கடிதம் தீர்மானித்தது.

கடிதம் வந்த பிறகும் உடனே கிளம்ப முடியாது. சேமலாப நிதி, சேவைக்காலப் பணம் கணக்கு முடிய வேண்டும். ஒரு குடும்பம் கொண்டுபோகும் தொகைக்கு வரம்பு வைத்தாலும் அது 4,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தார்கள். பல தலைமுறை உழைப்பின் கணக்கு அந்தத் தொகையைச் சுற்றித்தான் நின்றது. பிறகு குடும்ப அட்டை. இந்தியாவில் எந்த மறுவாழ்வுத் திட்டத்துக்குப் போகிறார்கள், சொந்த ஊர் எது என்பதெல்லாம் அதில் பதிவாகும். சொந்த ஊர் என்று கேட்டால் பலருக்குத் தாத்தா சொல்லக் கேட்ட ஒரு கிராமத்தின் பெயர் மட்டுமே தெரியும். அது எந்த மாவட்டம் என்பதுகூடத் தெரியாதவர்கள் உண்டு.

கிளம்புகிற நாளுக்கு வருவோம். ஹட்டன், நானுஓயா, பதுளை, கண்டி என மலைநாட்டு ஸ்டேஷன்களில் ஏறி, பொல்காவலை, மாகோ, அநுராதபுரம், மதவாச்சி வழியாகத் தலைமன்னார்த் துறைமுகம் வரைக்கும் ரயில் பயணம். ரயிலைக் கோச்சி என்பது இலங்கைத் தமிழ். பயணக் குடும்பம் ஒன்று என்றால், வழியனுப்ப வந்தவர்கள் அதைப் போலப் பல மடங்கு. லயமே திரண்டு வரும். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கோச்சி நகர்ந்த பிறகும் விடாமல் கூடவே ஓடுவார்கள். பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைப்பார்கள். அந்த ரயிலுக்கு மலையக மக்கள் வைத்த பெயர் அழுகைக் கோச்சி. எந்தக் கால அட்டவணையிலும் இல்லாத அந்தப் பெயர்தான் இன்றைக்கும் அங்கே நிலைத்திருக்கிறது.

ஒப்பாரி செத்தவர்களுக்குப் பாடுவது. அதை உயிரோடு உட்கார்ந்திருப்பவர்களின் முகத்தைப் பார்த்துப் பாடினார்கள். இதை வெறும் உணர்ச்சி மிகுதி என்று ஒதுக்கிவிட முடியாது. பயணம் போகிறவர் திரும்பி வர வழியில்லை. வந்து பார்க்கப் பணமும் இல்லை. கடிதம் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. விசா, பாஸ்போர்ட் என்று நடுவில் இரண்டு அரசாங்கம். அந்தப் பெண்கள் நிலைமையைச் சரியாகப் புரிந்துகொண்டுதான் பாடினார்கள். தங்கள் வாழ்க்கையைப் பற்றி இரண்டு நாடுகள் பேசி முடித்த விஷயத்தில், அவர்கள் பொது இடத்தில் தங்கள் கருத்தைச் சொன்ன இடம் அந்த ரயில்வே மேடை. அதை ஒரு சமூகத்தின் வாக்குமூலமாகவே கேட்க வேண்டும்.

கடலைக் கடப்பது ராமானுஜம் என்ற கப்பலில். முன்பு போட் மெயில் ரயிலோடு இணைந்த கப்பல் தனுஷ்கோடிக்கு வரும். ஒப்பந்தம் கையெழுத்தாகி எட்டு வாரம் முடிவதற்குள், 1964 டிசம்பர் 22 இரவுப் புயல் தனுஷ்கோடியைத் துடைத்துவிட்டது. அதன் பிறகு இராமேஸ்வரம்தான் இறங்குதுறை. அங்கிருந்து மண்டபம் முகாம். ஒரு காலத்தில் இலங்கைக்குக் கூலி ஆட்களை அனுப்புவதற்கு முன் தடுத்து வைத்துப் பரிசோதித்த அதே முகாம். தாத்தா வெளியே போன வாசல் வழியாகவே பேரன் உள்ளே வந்தான். துறையிலும் முகாமிலும் ஏமாற்றுக்காரர்கள் காத்திருந்தார்கள். பணத்தை மாற்றித் தருகிறேன், நிலம் வாங்கித் தருகிறேன், கடன் எடுத்துத் தருகிறேன் என்று வந்தவர்களிடம் சேவைக்காலப் பணத்தைத் தொலைத்த குடும்பங்கள் பல.

இந்தியாவில் இறங்கியதும் லயம் இரண்டாவது முறை உடைந்தது. மறுவாழ்வுத் திட்டங்கள் ஒரே இடத்தில் இல்லை. நீலகிரியில் இதற்காகவே 1968-ல் அரசு தேயிலைத் திட்டம் தொடங்கியது. 1976-ல் அது டான்டீ எனப்படும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. கூடலூர், கோத்தகிரி, குன்னூர், சேரம்பாடி, வால்பாறை என அதன் தோட்டங்களுக்குப் போனவர்களுக்குக் கையில் பழகிய வேலையாவது கிடைத்தது. சிலரை ரப்பர்த் தோட்டங்களுக்கு அனுப்பினார்கள். அந்தத் தோட்டங்கள் கேரளத்தின் புனலூரிலும், கர்நாடகத்தின் சுள்ளியா, புத்தூர் பக்கமும், ஏன், நிக்கோபார்த் தீவுக் கூட்டத்தின் கச்சால் தீவிலும் இருந்தன. சிலர் நூற்பாலைகளில் சேர்க்கப்பட்டார்கள். மிகப் பலருக்குக் கிடைத்தது வியாபாரக் கடன். கொழுந்து எடுப்பதைத் தவிர வேறு தொழில் தெரியாத குடும்பத்துக்கு ஐயாயிரம் ரூபாய் கொடுத்து, சமவெளிக் கிராமத்தில் கடை வை என்றால் அது எத்தனை நாள் நிற்கும்? கடன் தொகை சொந்தக்காரர் கையிலோ தரகர் கையிலோ போய்ச் சேர்ந்தது. குடும்பம் வேலை தேடி மலை ஏறியது. கொடைக்கானல் மலையில் மரம் வெட்டும் வேலைக்குப் போய்க் கொத்தடிமைகளாகச் சிக்கியவர்களும் உண்டு. தாயகம் திரும்பியோருக்காக 1969-ல் தொடங்கப்பட்ட ரெப்கோ வங்கி இன்றைக்கும் தமிழ்நாட்டின் பல ஊர்களில் இயங்குகிறது. அந்த வங்கிக்கு ஏன் அந்தப் பெயர் என்பது அங்கே கணக்கு வைத்திருக்கும் பலருக்குத் தெரியாது.

ஒரே பீலியில் தண்ணீர் பிடித்த இரண்டு பெண்களில் ஒருத்தி கூடலூரிலும் மற்றவள் கச்சாலிலும் போய் விழுந்தால், அவர்களுக்கு நடுவே உள்ள தூரம் ஹட்டனுக்கும் கூடலூருக்கும் உள்ளதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். தாயகத்துக்கு அனுப்புகிறோம் என்றார்களே தவிர, யாரோடு வாழ்ந்தார்களோ அவர்களோடு சேர்த்து அனுப்ப வேண்டும் என்ற எண்ணம் எந்தக் கோப்பிலும் இல்லை. ஒரு தோட்டத்து ஆட்களை ஒரே ஊரில் குடியேற்றியிருந்தால் பாதித் துயரம் குறைந்திருக்கும். அதற்குக் கூடுதல் பணம்கூட வேண்டியதில்லை.

இலங்கையில் அவர்களுக்கு வடக்கத்தியான், தோட்டக்காட்டான், கள்ளத்தோணி என்று பெயர். இங்கே வந்ததும் சிலோன்காரங்க. கோத்தகிரியிலும் கூடலூரிலும் இன்னமும் அந்தப் பெயர் புழங்குகிறது. ஹட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரியில் ஆசிரியராக இருந்து ஒரு தலைமுறை மலையக இளைஞர்களை உருவாக்கிய இர. சிவலிங்கமும் பின்னாளில் நீலகிரிக்கு வந்து, தன் மக்களின் உரிமைகளுக்காகக் கோத்தகிரியில் பாடுபட்டார். வழியனுப்பியவர்களும் வந்து சேர்ந்தவர்களும் ஒன்றுபோலக் கேட்டுக்கொண்டிருந்த ஒன்று உண்டு: இலங்கை வானொலி. மயில்வாகனனின் குரலையும், பிறகு கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீத் குரல்களையும் கொங்கு நாட்டுத் தறிக்குடோன்களிலும் டீக்கடைகளிலும் சினிமாப் பாட்டுக்காகக் கேட்டார்கள். நீலகிரியின் புதிய லயங்களில் அதே நிகழ்ச்சிக்கு வேறொரு பொருளும் இருந்தது. பழைய வீட்டுத் திண்ணையில் ஒலித்த அதே குரல் அது.

அதே 1964-ல் தமிழர்களுக்கு இன்னொரு பெரிய பிரியாவிடையும் நடந்தது. பர்மாவில் நெ வின் அரசு கடைகளையும் தொழில்களையும் தேசிய உடைமையாக்க, ரங்கூனிலிருந்து கப்பல் கப்பலாக இந்தியர்கள் வெளியேறினார்கள். நகையும் பணமும் அங்கேயே நின்றுவிட்டன. சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜார் உருவானதும், அங்கே இன்றும் விற்கும் அத்தோ என்ற பர்மிய உணவும் அவர்களால் வந்தவைதான். முகாம் வாழ்க்கை பிடிக்காமல் பர்மாவுக்கே திரும்பிவிடலாம் என்று கால்நடையாகக் கிளம்பிய சிலர், மணிப்பூர் எல்லையில் தடுக்கப்பட்டு மோரேயில் தங்கிவிட்டார்கள். அந்த எல்லை ஊரில் இன்றும் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, அங்காள பரமேஸ்வரி கோவில் இருக்கிறது. விடைபெற்ற ஊரை மறுபடி எட்ட முடியாமல், அதற்கு மிக அருகில் எவ்வளவு போக முடியுமோ அவ்வளவு தூரம் போய் நின்றவர்கள் அவர்கள்.

மலையகத்தில் இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. 1984-ல் இராமேஸ்வரம், தலைமன்னார்க் கப்பல் நின்றது. போர் தொடங்கியிருந்தது. அப்போது இந்தியப் பாஸ்போர்ட் கையில் இருந்தும் கிளம்ப முடியாமல் நின்றவர்கள் 80 ஆயிரத்துக்கும் மேல். கிளம்ப ஆயத்தமாகி, நாட்டை விட்டுப் போகிறவர்கள் என்றே எல்லோராலும் கருதப்பட்டு, அதே காம்பராவில் வருடக்கணக்காக வாழ்ந்தார்கள். எந்த நாட்டிலும் அவர்களுக்கு ஓட்டு இல்லை. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்து வருபவர்களுக்கும் அவர்களின் வாரிசுகளுக்கும் குடியுரிமை என்று 2003-ல் சட்டம் வந்த பிறகுதான் மலையகத்தில் நாடற்றவர் பிரச்சினை பெருமளவு தீர்ந்தது. அதற்குள் இந்த ஒப்பந்தங்களின்படி தமிழகம் வந்து சேர்ந்தவர்களின் எண்ணிக்கை, குழந்தைகளையும் சேர்த்து, 4.6 லட்சத்தைத் தாண்டியிருந்தது.

இன்னும் ஒரு கூட்டம் இரண்டு முறை வீடு மாறியது. 1977 கலவரத்தில் மலையை விட்டு வவுனியா பக்கம் போனவர்கள், போர் வந்ததும் அகதிகளாகத் தமிழகத்துக்குப் படகேறினார்கள். இந்திய வம்சாவளியினர், ஆனால் தாயகம் திரும்பியோர் பட்டியலில் இல்லை. முகாம் பட்டியலில்தான் இருந்தார்கள். மண்டபம், கொட்டப்பட்டு முகாம்களைச் சேர்ந்த இப்படிப்பட்ட குடும்பங்கள் வழக்குப் போட்டபோது, அவர்களின் குடியுரிமைக் கோரிக்கையைப் பரிசீலிக்க வேண்டும் என்று 2019 ஜூனில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் உத்தரவிட்டார்.

திருப்பூர் மாவட்டத்திலும் முகாம்கள் இருக்கின்றன. உடுமலை பக்கம் திருமூர்த்தி நகரில் உள்ளது அதில் ஒன்று. இப்போது அவற்றுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர். முகாம்களிலிருந்து ஊர் திரும்பியவர்களும் உண்டு. 1992 தொடங்கி 1995 வரை 54 ஆயிரம் பேர் திரும்பினார்கள். 2009-ல் போர் முடிந்த பிறகு ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் உதவியோடு சிறுசிறு கூட்டமாகத் திரும்பியிருக்கிறார்கள். இருபது, முப்பது வருடம் இங்கே இருந்தவர்கள். பிள்ளைகள் இங்கே பிறந்து, இங்கே பள்ளிக்கூடம் போய், இங்கத்திப் பேச்சு பேசுகிறவர்கள். அப்பா அம்மாவுக்கு ஊர் திரும்புதல்; பிள்ளைகளுக்கு வெளிநாட்டுப் பயணம். 1970-ல் ஹட்டன் ஸ்டேஷனில் நின்ற பிள்ளைகளுக்கும் நிலைமை இதேதான், திசை மட்டும் மாறியிருக்கிறது. வித்தியாசம், இன்று வாட்ஸ்அப் இருக்கிறது. பிரிந்த மறுநாளே முகத்தைப் பார்க்க முடிகிறது. ஒப்பாரி வைக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போனதற்கு அந்தச் சின்னக் கருவிக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

நீலகிரியில் குடியேறிய குடும்பங்களுக்கு இப்போது இன்னொரு கிளம்பல் வந்திருக்கிறது. டான்டீ நட்டத்தில் ஓடியது. 2022-ல் அதன் நிலத்தில் இரண்டாயிரம் ஹெக்டேருக்கு மேல் வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க அரசு முடிவெடுத்தது. ஓய்வு பெற்றவர்கள் தோட்டக் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும் என்ற நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. எதிர்ப்பு எழுந்த பிறகு, அவர்களுக்கு வீடு கொடுக்கும் திட்டத்தில் பயனாளிகள் கட்ட வேண்டிய பங்கை அரசே ஏற்பதாக அறிவித்தது. வீட்டுப் பிரச்சினைக்கு முன்பே பிள்ளைகள் இறங்கத் தொடங்கிவிட்டார்கள். தோட்டக் கூலியில் குடும்பம் நடத்த முடியாது என்று கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்கு வருகிறார்கள். பனியன் கம்பெனியில் டைலராகவும் செக்கிங்கிலும் அயர்னிங்கிலும் இருக்கும் இளைஞர்களில், பாட்டி ஹட்டனில் கோச்சி ஏறியவர் என்ற குடும்பங்களின் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஷிப்ட் முடிந்து லைன் வீட்டுக்குப் போகிறார்கள். அங்கேயும் ஒரே சுவர்தான் இரண்டு வீட்டுக்கு நடுவே.

இப்படி வேலைக்கு வந்து பிரிகிறவர்கள் கொங்கு நாட்டிலும் உண்டு. பல்லடத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவே குண்டடம் வழியாகப் போகும் சாலையின் இருபுறமும் உள்ள நூற்பாலைகளில் இன்று ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் ஆட்கள் நிறைய. அவர்கள் வருகிறார்கள், ஓரிரு வருடம் இருக்கிறார்கள், தீபாவளிக்கோ சத் பூஜைக்கோ ஊருக்குப் போனவர்கள் சில சமயம் வருவதே இல்லை. ஆலை விடுதிக்கு வெளியே அவர்களுக்குப் பழக்கமான உள்ளூர் ஆட்கள் சிலரே: மளிகைக் கடைக்காரர், ரீசார்ஜ் போட்டுத் தருகிறவர், சந்தையில் காய் விற்கும் அம்மா. கிளம்பும்போது இவர்களிடமாவது சொல்லிக்கொண்டு போகும் அளவுக்குப் பழக்கம் உண்டாகிறதா என்பது ஆலை முதலாளிகளை விட இந்த ஊர்க்காரர்கள் கையில்தான் அதிகம் இருக்கிறது. கொங்கு நாட்டில் வீட்டுக்கு வந்தவரைத் தண்ணீர் கொடுக்காமல் அனுப்புவதில்லை. அந்தப் பண்பு வேலைக்கு வந்தவர்களுக்கும் உரியதே.

மலையகத் தமிழர் இலங்கைக்குப் போய் இருநூறு ஆண்டு ஆனதை நினைவுகூர்ந்து 2023-ல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு, முன்னோர் நடந்த வழியிலேயே நடைப்பயணம் போனார்கள். போரில் அழிந்த தலைமன்னார் ரயில் பாதை 2015 மார்ச்சில் மறுபடி திறக்கப்பட்டது. இந்தப் பக்கம் புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் நடுவே 2023 அக்டோபரில் தொடங்கிய கப்பல், இடையில் நின்று 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடியது. இரண்டு கரையிலும் தண்டவாளம் தயாராக இருக்கிறது. நடுவே இருக்கும் இராமேஸ்வரம், தலைமன்னார்க் கடலில் மட்டும் இன்னும் கப்பல் இல்லை.

அழுகைக் கோச்சியில் இருபது வயதில் ஏறியவர்களுக்கு இப்போது அறுபதைத் தாண்டிவிட்டது. ஒப்பந்தத்தைப் பற்றி ஆய்வு நூல்கள் இருக்கின்றன, புள்ளிவிவரம் இருக்கிறது. பிரிந்த அயல்காரர்களின் பெயர்ப் பட்டியல் எந்த ஆவணத்திலும் இல்லை. அது அந்தப் பெரியவர்களின் நினைவில் மட்டுமே இருக்கிறது. பேரப்பிள்ளைகள் ஒவ்வொருவர் கையிலும் குரலைப் பதிவு செய்யும் போன் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவில் கூடலூருக்கோ கோத்தகிரிக்கோ ஏறும்போது கேட்கலாம்: எந்தத் தோட்டம், பாட்டி? எத்தனாவது லயம்? இந்தப் பக்கக் காம்பராவில் யார் இருந்தார்கள், அந்தப் பக்கம் யார்? ஸ்டேஷனுக்கு யாரெல்லாம் வந்தார்கள்? வந்தவர்களில் யாருடைய பிள்ளைகள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று தெரியுமா? ஹட்டனிலும் தலவாக்கலையிலும் இருக்கும் மலையகத்து இளைஞர்களும் தங்கள் பாட்டிகளிடம் இதையே கேட்டு வைத்தால், இரண்டு பக்கத்துப் பெயர்களும் பொருந்துகிற வீடுகள் நிச்சயம் சில கிடைக்கும்.